மூச்சைப் பற்றிய சின்னப் புத்தகம்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா சௌக்கியம்தானே?

பௌத்தம் படிக்க எதில் தொடங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். பழைய புத்தகக் கடைக்காரரிடம் விசாரித்தேன். "தடிப் புத்தகம் தலைக்கு வைக்கத்தான் ஆகும்மா. மூச்சைக் கவனிக்கச் சொல்ற இந்தச் சின்னதை முதல்ல படிக்கட்டும். புத்தர் பேசினதைத் தொகுத்த இந்தப் புத்தகம் அடுத்து," என்றார். இரண்டையும் வாங்கிவிட்டேன்.

நான் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் இஸ்திரி இயந்திரம் கையைக் கொஞ்சம் சுட்டுவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. அதற்காகக் கிடைத்த விடுப்பில் சின்னப் புத்தகத்தை நானே படித்தேன். அதில் சொன்னபடி கண்ணை மூடினால், வலியைவிட அறையில் யாரும் இல்லாததுதான் பெரிதாகத் தெரிகிறது.

நீங்கள் தியானத்தில் உட்காரும்போது எனக்கு போன் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். பேச வேண்டாம். நானும் இங்கே உட்கார்ந்திருப்பேன்.

இன்று மறுபடி வேலை. சலவைக்கூடத்து வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்