எங்கள் தெரு உமி கழிவு அல்ல

அனுப்புநர்:
கோ. ஆயம்மா (வயது 67),
க/பெ. காலஞ்சென்ற கோவிந்தசாமி,
இட்லிக் கடை, நெல் ஆலைத் தெரு,
சாரம், புதுச்சேரி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
புதுச்சேரி.

பொருள்: எங்கள் தெரு ஆலை உமியை "யாருக்கும் பயன்படாத கழிவு" என்று எழுதிய அறிக்கையைத் திருத்தவும், அதிலுள்ள என் சாட்சிக் கையெழுத்தை நீக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பிரெஞ்சுக்காரர் காலத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவள். இருபத்தாறு வருடமாக இட்லிக் கடை நடத்துகிறேன். அம்மன் கோயில் செடல் திருவிழா மூன்று நாள் தவிர, இந்த ஐப்பசி வரை என் அடுப்பு அணைந்ததில்லை. சுனாமி அன்று கடற்கரையிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு இட்லி போட்ட கடை இது. விசாரித்துக்கொள்ளலாம்.

2. என் அடுப்பு எரிவது உமியில். தெருக்கோடியிலுள்ள பாவாடை அவர்களின் ஆலைக் களத்தை, அடுப்பு வைத்திருக்கும் பதினொரு பெண்களும் முறைவைத்துக் கூட்டிக் கொடுப்போம். அதற்கு ஈடாக உமியை அள்ளிக்கொள்வோம். பாவாடையின் அப்பா காலத்து வழக்கம் இது. சாம்பலும் பாத்திரம் துலக்கப் போய்விடும். ஒரு பிடி வீணானதில்லை.

3. சென்ற வருடம் ஆடியில், செடல் முடிந்த மறுநாள், புதிதாக வரப்போகும் மின்நிலையத்துக்காக உமிக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். பெயர் சொல்லவில்லை. நீலக் கட்டம் போட்ட சட்டை. என் கடையில் ஆறு இட்லி தின்று, சட்னி இரண்டு முறை கேட்டு வாங்கினார். தெருவே மூன்று நாள் கோயிலில் இருந்ததால் களத்தில் உமி மலையாகக் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் கழிவு என்று எழுதியிருக்கிறார்; இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டு, மைப்பெட்டியைத் திறந்து, "கைநாட்டுதானே ஆயா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து எழுத்து கற்றவள் நான். பேனாவைப் பிடுங்கி முழுப் பெயரையும் போட்டேன். படிக்கவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு நேரமாகும்; அந்த ஆள் முன்னால் திணற மனம் வரவில்லை. அது என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன்.

4. அந்த அறிக்கையை வைத்துச் சேதராப்பட்டுப் பக்கம் உமியை எரித்துக் கரண்டு எடுக்கும் மின்நிலையம் வந்தது; காற்றைச் சுத்தமாக்கும் திட்டம் என்கிறார்கள். அவர்களுக்கு அரசு மானியம் உண்டு, கரண்டுக்குக் கூடுதல் விலையும் உண்டு. அவர்கள் உமிக்குக் கொடுக்கும் விலையில் நாங்கள் போட்டிபோட முடியாது. லாரி வந்து களத்தை வழித்துக்கொண்டு போகிறது. பாவாடை அவர்கள், "நான் என்ன பண்றது ஆயா, காசு குடுக்கறான்" என்றார். அதிலிருந்து அவரோடு எனக்குப் பேச்சில்லை. அவர் மகள் வளைகாப்புக்கும் போகவில்லை.

5. பதினொரு அடுப்பும் விறகுக்கு மாறிவிட்டன. ரோட்டோர வேம்பு மூன்று போய்விட்டது. தெருவெல்லாம் புகை. லாரி ஓட்டும் தேவதாஸ் என் கடையில் சாப்பிடும்போது, "உமி பத்தல ஆயா, சவுக்கும் ஏத்தறோம்" என்றார். காற்றைச் சுத்தமாக்க வந்த திட்டம் மரத்தை வெட்டலாமா என்று தங்களைக் கேட்கிறேன். விறகு வாங்கி மாளாமல் இந்த ஐப்பசியில் நான்கு நாள் என் அடுப்பு அணைந்து கிடந்தது. இப்படியே போனால் தையில் கடை இருக்காது.

6. கரண்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பேத்தி பூர்ணிமா அந்த வெளிச்சத்தில்தான் படிக்கிறாள். மானியமும் கேட்கவில்லை, இதுவரை வாங்கியதும் இல்லை. ஒவ்வொரு முறை லாரி ஏற்றுவதற்கு முன்னும் அடுப்புக்கு ஒரு மூட்டை உமி எங்களுக்கு ஒதுக்க உத்தரவிட வேண்டும். களத்தைப் பழையபடி கூட்டித் தருவோம். சந்தேகம் இருந்தால் லாரியை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, திருவிழா இல்லாத நாளாகப் பார்த்து ஆள் அனுப்புங்கள். களத்தில் ஒரு கூடை உமி மிஞ்சியிருந்தால் நான் வாயைத் திறக்கமாட்டேன்.

7. அந்த அறிக்கையில் இருப்பது என் கையெழுத்துதான். கீழே உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்த மனுவை மட்டும் எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்துவிட்டுப் போட்டிருக்கிறேன். தாங்கள் அனுப்பும் பதிலையும் நானே படிப்பேன்.

இடம்: சாரம், புதுச்சேரி
நாள்: 12.11.2007

இப்படிக்கு,
கோ. ஆயம்மா