இரண்டு பேர் இருந்தாலே கூட்டம்

என் அன்புத் தலைவியே,

நம் மருத்துவமனை மேலாளர்கள் சங்கத்துக்கு இருபத்தைந்து வயதாகிறது. வரலாறு எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

“ரெண்டு பேர் வந்தாலே கூட்டம் செல்லும்னு விதி இருக்கே, ஏன் மேடம்?” என்று புதிய செயலாளர் கேட்டார். உன் மருத்துவமனைச் சலவை அறையில் நடந்த முதல் கூட்டத்தைச் சொன்னேன். ஒன்பது பேரில் ஏழு பேர், லிஃப்ட் நின்றுவிட்டது, ஜெனரேட்டர் மக்கர் என்று ஓடிவிட, மிஞ்சிய நாமிருவரும் விழுந்து விழுந்து சிரித்தபடி எழுதிய விதியல்லவா!

நாம் பேசாத ஆறு வருடங்களுக்கான பக்கம் மட்டும் காலியாக இருக்கிறது. சண்டை வந்த அன்று வாய்க்கொழுப்பு யாருக்கு என்று உனக்கே தெரியும்.

சனிக்கிழமை நாலு மணி, அதே சலவை அறை. ஒரே தீர்மானம்: ‘தப்பு பழைய செயலாளர் மேல்தான்.’ நான் முன்மொழிகிறேன். வழிமொழிய நீ வந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் பழைய செயலாளர்