பேர் சொல்லிக் கேட்ட மகளுக்கு

அன்பு மகள் ஸ்வீட்டிக்கு, அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் இங்கே அப்பாவும் தம்பி ஜெபசுந்தரும் நானும் சுகம், மும்பையில் நீயும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். அச்சங்குளத்தில் ஒரு வாரமாக மழை, பட்டாசுக் கம்பெனி லீவு, அதனால் அப்பாவுக்கு டீக்கடையில் உட்கார்ந்து கதை பேசுவதுதான் வேலை.

நீ போனில் "ஒரு போட்டு கவுந்துச்சும்மா, எல்லாரையும் எடுத்தாச்சு" என்று ரெண்டு வரியில் முடித்துவிட்டாய். தம்பிதான் உன்னோடு வேலை பார்க்கும் சிநேகிதியிடம் துருவித் துருவிக் கேட்டு முழுசும் சொன்னான். போட்டில் போனது பதினொரு பேர், நேவி ஹெலிகாப்டர் ஆறு பேரைத் தூக்கியது, கோஸ்ட் கார்டு கப்பல் தன்னிடம் ஐந்து பேர் என்று சொன்னது, கணக்கு சரி என்று ரெண்டு பக்கமும் திரும்பக் கிளம்ப, கடலில் தத்தளிப்பவர்களை மீட்க ஆள் அனுப்பும் கன்ட்ரோல் ரூமில் டூட்டியில் இருந்த நீ மட்டும் எண்ணிக்கை வேண்டாம், ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லுங்கள் என்று பிடிவாதமாக நின்றாயாம். ஹெலிகாப்டரில் இடம் போதாமல் ஒருவரைக் கப்பலில் இறக்கியிருக்கிறார்கள், அவரை ரெண்டு பக்கமும் எண்ணிவிட்டார்கள். ராஜசிங் என்ற பேர் எந்தப் பக்கமும் வரவில்லை. எண்ணெய் குறைகிறது என்றவர்களிடம் பேசித் திருப்பி அனுப்பி, ஐஸ்பெட்டி மூடியைப் பிடித்துக்கொண்டு மிதந்த அவரை எடுக்க வைத்தாய். "எம் மக ஒரு வார்த்த சொன்னா ஹெலிகாப்டரே திரும்பும்லே" என்று அப்பா ஊரெல்லாம் ஒரே அளப்பு. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

சின்ன வயதில் சர்ச் வேனில் ஏறியதும் உன்னையும் தம்பியையும் பேர் சொல்லிக் கூப்பிடுவேன், என் மடியிலேயே உட்கார்ந்திருந்தாலும் "இருக்கேன்" என்று சொன்னால்தான் வண்டியை எடுக்க விடுவேன். அம்மாவுக்குக் கிறுக்கு என்று ரெண்டு பேரும் சிரிப்பீர்கள். அதற்குக் காரணம் உண்டு, போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். நீ பிறப்பதற்கு முந்தைய வருஷம் நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் ஒரு ரூமில் தீப்பிடித்து எல்லாரும் வேலிக்கு வெளியே ஓடினோம். ஆளை எண்ணச் சொன்னார்கள், எண்ணியது நான். அன்றைக்கு வேலைக்கு வந்தது முப்பத்திரண்டு, எண்ணியதும் முப்பத்திரண்டு, எல்லாரும் வந்தாச்சு என்று சொல்லிவிட்டேன். லோடு ஏற்ற வந்த வெளியாள் ஒருவர் கூட்டத்தில் நின்றதைக் கவனிக்காமல் அவரையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன். என்னோடு வேலை பார்த்த பத்திரகாளி அக்கா உள்ளேயே இருந்தாள். தேடிப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. இத்தனை வருஷம் அது என் நெஞ்சிலேயே கிடந்தது. ராஜசிங் எங்கே என்று நீ கேட்டதைத் தம்பி சொன்னபோதுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

டூட்டி டூட்டி என்று வெறும் டீயைக் குடித்துக்கொண்டு இராதே, நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உன்னைக் கண்மணி போலக் காப்பாராக. கிறிஸ்துமஸுக்கு நீ வரும்போது வேனில் பேர் கூப்பிடுவேன், இந்தத் தடவை சிரிக்காமல் "இருக்கேன்" என்று சொல்.

உன் அம்மா,
கனகமணி