நாற்பது ஸ்லைடுகள்

வேலூர்
3 மார்ச் 2003

அன்புள்ள ரெனால்டுக்கு,

ஸ்தோத்திரம். பெங்களூர் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? ஆம்பூரில் அப்பா நம் மே மாதக் கல்யாணத்துக்கு இப்போதே சர்ச்சில் தேதி வாங்கிவிட்டார்.

நேரில் என்றால் எனக்கு வாய் வராது, எழுதிவிடுகிறேன். எலிக் குடலின் உட்சுவரில், குழிகளின் அடியில் இருக்கும் மூலச்செல்கள் தம் மேலுள்ள ஏற்பிக்கு (receptor) சைகை வந்துகொண்டிருக்கும்வரை பிரிந்துகொண்டே இருக்கும், மருந்தால் ஏற்பியை அடைத்தால் பிரிவது பாதியாகும் என்று நம் கட்டுரையில் எழுதினோம். நான் எண்ணியபோதும் பாதிதான் வந்தது. ஆனால் எது மருந்து கொடுத்த எலி என்று ஸ்லைடுச் சீட்டிலேயே இருந்தது. சந்தேகமான செல்லையெல்லாம் உங்களுக்குச் சாதகமாகவே எண்ணியிருக்கிறேன்.

லீவில் ஷூ கம்பெனியில் செக்கிங் பார்த்தேனே, அங்கே அமிர்தவள்ளி அக்கா தைத்தவர் சீட்டைத் திருப்பிவிட்டுத்தான் தையலைப் பார்ப்பார். "பேரு தெரிஞ்சா கண்ணு தோஸ்துக்குத்தாண்டி வேலை செய்யும்" என்பார். இங்கே லேபில் பக்கத்து மேசை ஜெமியைச் சீட்டுகள் மேல் பிளாஸ்திரி ஒட்டி, வெறும் எண் போட்டுக் கலைத்துத் தரச் சொன்னேன். நாற்பதையும் திரும்ப எண்ணினேன். மருந்து கொடுத்த எலிக்கும் கொடுக்காததற்கும் வித்தியாசம் மிகக் கொஞ்சம்.

அன்புடன்,
பொன்மலர்

பெங்களூர்
9 மார்ச்

அன்பு மலர்,

ஜெர்மனியில் ஆராய்ச்சி வேலைக்கு என்னை எடுத்ததே இந்தக் கட்டுரையை நம்பித்தான். ஷூவும் குடலும் ஒன்றா? உன் கண் களைத்திருக்கும். உங்கள் வீட்டில் முதலில் படித்தவள், அதனால்தான் இவ்வளவு பயம். கட்டுரையை வெளியிடச் சம்மதிக்கும் படிவத்தை இதில் வைத்திருக்கிறேன். பேஜார் பண்ணாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன் ரெனால்ட்

வேலூர்
14 மார்ச்

அன்புள்ள ரெனால்டுக்கு,

கையெழுத்துப் போடவில்லை. ஸ்லைடுகளை அனுப்புகிறேன். பிளாஸ்திரியைப் பிரிக்காமல் நீங்களே எண்ணுங்கள். எந்த எண் எந்த எலி என்ற பட்டியல் ஜெமியிடம் இருக்கிறது. பாதி வந்தால் அன்றே கையெழுத்துப் போட்டு மன்னிப்பும் கேட்கிறேன். வராவிட்டால் இருவரும் சேர்ந்தே கட்டுரையைத் திரும்பப் பெறுவோம். ஜெர்மனி இல்லாவிட்டாலும் எனக்குக் குறையில்லை.

பொன்மலர்

வேலூர்
29 மார்ச்

ரெனால்ட் அவர்களுக்கு,

பெட்டி வந்தது. உங்கள் எண்ணிக்கையில் சரியாகப் பாதி வந்திருக்கிறது. பிளாஸ்திரி எல்லாவற்றின் ஓரமும் எழும்பி நிற்கிறது. பதினேழாம் எண் தலைகீழாக ஒட்டியிருக்கிறது.

மூன்று எண்ணிக்கையையும் நம் ஆராய்ச்சி கைடு மேடத்திடம் கொடுத்துவிட்டேன், என் முதல் தப்பையும் சேர்த்து. அப்பா சர்ச்சில் தேதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். "இன்னாம்மா ஆச்சு?" என்று ஒரு தடவைதான் கேட்டார்.

நிச்சயதார்த்த மோதிரம் இந்த உறையில் இருக்கிறது. தொலையாமல் இருக்கப் பிளாஸ்திரி சுற்றியிருக்கிறேன். இதைப் பிரிக்கலாம்.

பொன்மலர்