எழுந்து நிற்பதற்கு முன்

மார்ச் 3, திங்கள்
காலையில் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தேன். கண் இருட்டியது. நினைவு வந்தபோது தரையில் கிடந்தேன், தலை மனைவியின் மடியில். பார்க்கின்சன் வந்தால் கை நடுங்கும் என்றுதானே சொன்னார்கள்? இப்படித் தொப்பென்று விழுவது எந்தக் கணக்கில் சேர்த்தி? பெரிய அடி இல்லை. அவள்தான் வெளிறிப்போனாள். பள்ளி வேன் ஓட்டுகிறவள், இன்று வேலைக்குப் போகவில்லை.

மார்ச் 4
இன்றும் போகவில்லை. நான் குளித்து முடிக்கும்வரை கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 6
வேலையையே விடப்போகிறாளாம். எனக்கு மனசு ஆறவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவள் வேறு ஆள். அதை எனக்காக விடுவதா? கூடாது. "இந்த மாசம் மட்டும் பொறுத்துக்கோ. டாக்டர் என்ன சொல்றாங்கன்னு பாப்போம்" என்றேன்.

மார்ச் 10
டாக்டரம்மா படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், பிறகு நிற்கவைத்துப் பார்த்தார். நின்றதும் சரசரவென்று இறங்கிவிட்டது. இந்த நோயில் இது சகஜமாம். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்குச் சட்டென்று புரிந்தது: மேல்மாடிக்கு ரத்தம் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

என் மாத்திரைகளை எல்லாம் மேசையில் வைக்கச் சொன்னார். ஒன்றை எடுத்து, இது எதற்கு என்றார். அழுத்தம் அதிகமாக இருந்த காலத்தில் அதைக் குறைக்கக் கொடுத்தது. இன்னும் விழுங்கிக்கொண்டிருக்கிறேன்! யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இவர் நிறுத்தினார். உப்பும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாமாம். "உங்களுக்காக உப்பக் கொறச்சுக் கொறச்சு என் நாக்கே செத்துப்போச்சு" என்றாள் இவள், டாக்டர் முன்னாலேயே.

மார்ச் 13
புது வாழ்க்கை. படுத்திருக்கும்போது தலை உயரமாக இருக்க, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே மரக்கட்டை. எழுமுன் பெரிய டம்ளர் தண்ணீர். உட்கார்ந்து காலை ஆட்டி, பிறகுதான் நிற்பது. தொடைவரை இறுக்கமான காலுறை வேறு — அதை மாட்டுவதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது. சண்டையில் ஆரம்பித்துச் சிரிப்பில் முடிந்தது.

மார்ச் 19
பழைய புத்தி. அழைப்பு மணி அடித்ததும் துள்ளி எழுந்தேன். தலை சுற்றியது. உடனே உட்கார்ந்துவிட்டதால் விழவில்லை. கடைக்குப் போயிருந்தவளிடம் மறைத்துவிடலாமா? மறைக்கவில்லை. சமையலறைக்குள் போய் அழுதாள். எனக்கும் பயம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

மார்ச் 27
மறுபடி அளந்தார்கள். முன்போல இறங்கவில்லை! தனியாக இருக்கலாமா என்று நான்தான் கேட்டேன். அவசரப்படாமல் எழுந்தால் இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. இவள் அதையே மறுபடியும் கேட்டு உறுதிசெய்துகொண்டாள்.

மார்ச் 31, திங்கள்
வேனுக்குப் போய்விட்டாள். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, இடையில் போன் செய்கிறேன் என்றும் சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாள்.

தண்ணீர் குடித்தேன். மெல்ல எழுந்தேன். துணி காயப்போட்டேன். செய்தித்தாள் படித்தேன். போன் வரவில்லை. மதியமும் வரவில்லை.

சாயங்காலம் சட்டையெல்லாம் பிள்ளைகள் ஒட்டிய ஸ்டிக்கரோடு வந்து நின்றாள். என்னைப் பார்த்ததும்தான் நினைவு வந்திருக்கிறது.

"ஐயோ, உங்களுக்குப் போன் பண்ணவே மறந்துட்டேங்க."

கோபம் வந்ததுபோல் நடிக்கப் பார்த்தேன். முடியவில்லை.