மிதிக்காத முதுகு

டாக்டரம்மா, சுகமாக இருக்கிறீர்களா? மேலே போன இடத்திலாவது உங்கள் மூட்டுவலி விட்டதா? நான் எழுத்துத் தெரியாதவன். மனசுக்குள் பேசுகிறேன், உங்களுக்குக் கேட்கும்.

அடுக்களையில் என் பெண்டாட்டி மாடத்தி நெத்திலிக் கருவாடு வறுக்கிறாள். அந்த மணம் வந்தாலே எனக்கு உங்கள் நினைப்புதான். நீங்களோ கருவாட்டுக் கடைப் பக்கமே போகாத சைவ வீட்டுக்காரர். அதை அப்புறம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பிசான நெல் அறுப்பு முடிந்திருந்தது. ஆற்றில் நல்ல தண்ணீர், வாழைக்கும் நல்ல விலை. சரி, அது கிடக்கட்டும். மாட்டுக்கு வைக்கக் கழனித் தண்ணீர்ப் பானையைத் தூக்கக் குனிந்த மாடத்தி அப்படியே முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். விழவில்லை, எங்கேயும் இடிக்கவில்லை. சுளுக்கு என்றார்கள். சுளுக்கென்றால் எங்கள் ஊரே என்னிடம்தான் வரும். பிறக்கும்போது கால் முதலில் வெளியே வந்தவன் நான். அப்படிப்பட்டவன் மிதித்தால் சுளுக்கு ஓடிவிடும் என்று நம்பிக்கை. மறுநாள் காலை மிதிப்பதாக இருந்தேன்.

அதற்குள் அவளுடைய மூச்சிரைப்பு மாத்திரை தீர்ந்துவிட்டது. கடையில் இருப்பு இல்லை. அதனால்தான் சேரன்மகாதேவிக்கு உங்களிடம் கூட்டி வந்தேன். பெஞ்சில் உட்காரும்போது அவள் முனகியது உங்கள் காதில் விழுந்தது.

"முதுகுக்கு என்னம்மா?"

"சுளுக்குதான். நாளைக்கு இவுக மிதிச்சாச் சரியாப் போயிரும்."

"நான் காலு முந்திப் பொறந்தவன், பாத்துக்கிடுங்க" என்றேன் பெருமையாக.

"அப்ப அந்தக் காலைத் தூக்கிக்கிட்டு வெளியில போய் நில்லும்."

அவளை எக்ஸ்ரே எடுக்க வைத்து, என்னை உள்ளே கூப்பிட்டு, படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினீர்கள். வெள்ளையாகத் தெரிய வேண்டிய எலும்புகள் மங்கிக் கிடந்தன. நடுவில் ஒன்று ஆப்பு மாதிரி நசுங்கியிருந்தது. "இதுல ஏறி மிதிச்சிருந்தா நரம்பு நசுங்கி, இவ காலு ரெண்டும் வெளங்காமப் போயிருக்கும்" என்றீர்கள்.

பிறகு நிதானமாக விசாரித்தீர்கள். மாத்திரை பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. கர்ப்பப்பையைச் சின்ன வயசிலேயே எடுத்தாயிற்று. சளி கட்டும் என்று பாலும் தயிரும் தொடுவதில்லை.

"மூணும் சேந்து எலும்பை அரிச்சிட்டு. இந்த மாத்திரை மூச்சக் காப்பாத்தும். வருஷக்கணக்காத் தின்னா எலும்பத் தின்னுரும்."

"அப்பம் அதை ஆத்துல எறிஞ்சிருதேன்."

"எறிஞ்சா மீனுக்கு ஒண்ணும் ஆகாது, இவ உசுருக்குத்தான் ஆபத்து. பையப் பையத்தான் கொறைக்கணும்."

வாயில் வைத்து இழுக்கும் மருந்து கொடுத்தீர்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இளவெயில், நடை, பாரம் தூக்காமை. கடைசியில் தயங்கித் தயங்கி, "நான் சைவம், எனக்கு வாசமே ஆகாது. நீ நெத்திலிய முள்ளோட தின்னு தாயி" என்றீர்கள். மாடத்தி முதுகைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

கூன் முழுக்க நிமிரவில்லை. ஆனாலும் அவள் காலில்தான் அவள் நடக்கிறாள். அது நீங்கள் கொடுத்தது.

இன்றைக்கும் சுளுக்கென்று என்னைத் தேடி வருகிறார்கள். வயசான பெண் என்றால் நான் காலைத் தூக்குவதே இல்லை. அன்றைக்கு நீங்கள் விசாரித்ததையெல்லாம் நானும் கேட்பேன். பதில் சரியாகப் படவில்லையென்றால் படம் எடுக்க அனுப்பிவிடுவேன். "டாக்டருக்குப் படிச்சிட்டாரு வே" என்று கேலி பேசுகிறார்கள். பேசட்டும். உங்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும், அந்த வருஷம் ஆடி மாசம் நீங்கள்…

"ஏங்க, வாசல்ல ஒரு அக்கா இடுப்பப் புடிச்சிக்கிட்டு நிக்காவ. வந்து கேக்க வேண்டியதக் கேளுங்க."

இதோ டாக்டரம்மா, வந்தவளை மட்டும் விசாரித்துவிட்டு…