மாதிரி எண் 41

பிப்ரவரி 3, 2025, திங்கள்

திருப்பாதிரிப்புலியூரில் ரயிலைத் தவறவிட்டேன். பஸ் பிடித்துச் சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் பத்தாகிவிட்டது. எங்கள் லேப் தலைவர் சார்லஸ் சார் ஃப்ரீசரிலிருந்து பழைய மாதிரிகளை எடுக்கச் சொன்னார். மூன்று வருடம் முன்பு எங்கள் தெருவே வாந்திபேதியில் படுத்தபோது, லேபுக்காக நான் வீடு வீடாகப் போய் வாங்கி வந்த மல மாதிரிகள். பெயர் கிடையாது, எண் மட்டும்.

41 என் வீட்டுக்காரருடையது என்று எனக்குத் தெரியும். "உங்க லேபுக்கு என் வயித்துல இருந்து என்னா வேணுமாம்?" என்று சிரித்துக்கொண்டே டப்பாவை நீட்டினார். அந்த வாரம் எங்கள் வீட்டில் மட்டும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அவர் போய்ப் பதினாறு மாதம். ஆலப்பாக்கம் பக்கத்தில், பைக்கில், லாரி மோதி.

பிப்ரவரி 5, புதன்

41 வளர்ந்திருக்கிறது. மைனஸ் எண்பது டிகிரியில் மூன்று வருடம் கிடந்தது, முப்பத்தேழு டிகிரியில் இரண்டே நாளில் தட்டு முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பாக்டீரியா. முப்பத்தேழு — உடம்புச் சூடு. கையுறையைத் தாண்டி அது தெரிந்தது.

சாம்பலைத் தேவனாம்பட்டினம் கடலில் கரைத்தோமே. அப்படியென்றால் இது யார்?

பிப்ரவரி 14, வெள்ளி

பிளாஸ்டிக் தட்டின் சின்னச் சின்னக் குழிகளில் வளர்த்த மனிதக் குடல் செல்கள்மேல் வாந்திபேதி வைரஸை விட்டோம். கூடவே ஒவ்வொருவர் குடல் பாக்டீரியாவும். பல குழிகளில் வைரஸ் பெருகியது. சிலவற்றில் தனியாக விட்டதைவிட ஜாஸ்தி, பாக்டீரியாவே கைகொடுத்து உள்ளே ஏற்றிவிட்டது போல. 41 இருந்த குழியில் வைரஸால் செல்லில் ஒட்டவே முடியவில்லை.

"யாருங்க இந்த ஆளு? இன்னொரு சாம்பிள் வாங்க முடியுமா?" என்றார் சார்.

ஊரில் இல்லை என்றேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஒப்பிட்டுப் பார்க்க லேப் ஆட்களான எங்களிடமும் மாதிரி வாங்கியிருந்தார்கள். இன்று முடிவு வந்தது.

"உங்ககிட்டயும் அதே பாக்டீரியா இருக்கு மேடம். மரபணு அச்சு அசலா 41தான். ஒரே வீட்டுல ஒண்ணா சாப்ட்டு வாழ்றவங்களுக்குத்தான் இப்படி…"

சொன்ன சார், என் வீட்டுக்காரர் சாவுக்கு வந்திருந்தவர். அப்போதுதான் புரிந்தது போல நிறுத்தினார். "மன்னிச்சிருங்க" என்று போய்விட்டார்.

வயிற்றில் கை வைத்தபடியே ரயிலில் வந்தேன். பரங்கிப்பேட்டை தாண்டியதும் உள்ளே ஏதோ உருண்டது. பசியாக இருக்கும். பசிதானே?

பிப்ரவரி 24, திங்கள்

நெத்திலிக் கருவாடு வாங்கினேன். எனக்கு அந்த வாடையே ஆகாது, அவருக்குத்தான் பிடிக்கும். சோறு இரண்டு கை கூடுதலாக இறங்கியது. யார் சாப்பிட்டது?

மார்ச் 3, திங்கள்

கடைவாய்ப்பல்லில் சீழ். தாடை கல் மாதிரி வீங்கிவிட்டது. பல் டாக்டர் ஏழு நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதினார். வாங்கி வந்து அலமாரியில் வைத்துவிட்டேன். அது பல்லில் இருப்பதை மட்டுமா கொல்லும்? லேபில் வேலை பார்ப்பவளுக்குத் தெரியாதா?

மார்ச் 6, வியாழன்

காய்ச்சல் 102. மாத்திரையைத் தொடவில்லை. வயிறு இரைகிறது. நான் பேசினால் அடங்குகிறது.

மார்ச் 7, வெள்ளி

மகள் சிந்துஜா நர்சிங் ஹாஸ்டலிலிருந்து வந்துவிட்டாள். பிரிக்காத அட்டையைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சீழு ரத்தத்துல ஏறிச்சுன்னா செத்துருவம்மா. அப்பா உள்ள இருக்காருன்னு நீ சொல்ற. எனக்கு நீ வெளிய வேணும்."

டம்ளரை நீட்டினாள். விழுங்கினேன். தொண்டையில் இறங்கும்வரை — மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க.

மார்ச் 14, வெள்ளி

வீக்கம் வடிந்துவிட்டது. கருவாட்டு வாடை குமட்டுகிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

வியாழக்கிழமை ஒரு வளைகாப்பில் சாப்பிட்ட பாதிப் பேருக்கு வாந்திபேதி. எனக்கும்தான். கல்யாணமாகி இந்த இருபத்திரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை. மூன்று நாளாகப் பாத்ரூமுக்கும் பாய்க்குமாகக் கிடந்தேன்.

சிந்துஜா என் பக்கத்து இலையில்தான் சாப்பிட்டாள். என் வாந்தியை வாளி வாளியாகக் கொட்டியவளும் அவள்தான். இன்று காலை உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை எனக்கு ஊட்டிவிட்டு, மிச்சத்தை அதே ஸ்பூனால் அவள் குடித்தாள். தடுக்கப் போனேன்.

"எனக்குத்தான் ஒண்ணும் ஆவலியேம்மா."

அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா அப்புடிப் பாக்குற?"

ஒன்றுமில்லை என்றேன்.